பீரியட்ஸுக்கு முந்தைய பத்து நாள்: ஹார்மோனா, மனசா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 33 வயது. ஊர் திருப்பத்தூர் பக்கம். கல்யாணமாகி எட்டு வருஷமாக பெங்களூரில், அல்சூரில் இருக்கிறோம். பீரியட்ஸ் வருவதற்கு எட்டு, பத்து நாள் முன்னால் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன், மெட்ரோவில் நின்றுகொண்டே அழுகிறேன், சில நாள் இருந்து என்ன பிரயோஜனம் என்றுகூடத் தோன்றுகிறது. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் எல்லாம் போய்விடும். ஹார்மோன் டெஸ்ட் எடுத்தாயிற்று, எல்லாமே நார்மல். "அப்போ எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்கிறார் கணவர். குழந்தை பிறந்தபோதும் இரண்டு மாதம் இப்படித்தான் அழுதேன். ஊரில் அம்மாவுக்கு 48 வயது. அவருக்கும் ஒரு வருஷமாகத் தூக்கமில்லை, காரணமில்லாத படபடப்பு. இது ஹார்மோனா, மனசா? பரம்பரையா?

பதில்:

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்; இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்பு வருகிற நாட்களில் தனியாக இருக்காதீர்கள். கணவரிடம் அதே வார்த்தையில், மழுப்பாமல் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். மாதத்தில் சில நாள் மட்டும் வருகிற நினைப்புதானே, தானாகப் போய்விடும் என்று விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு இருக்கும் என்று நான் சந்தேகப்படுகிற நிலையில் தற்கொலை எண்ணம் மற்றப் பெண்களைவிட அதிகமாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

இந்த ஊரில் இருபது வருஷமாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். ஸ்ரீராம்புரம், விவேக் நகர், அல்சூர், கே.ஜி.எஃப். என்று பல இடங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் வருவார்கள். கையில் ஒரு ஃபைல் இருக்கும். உள்ளே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எல்லாக் கட்டத்திலும் நார்மல். அதை மேசைமேல் வைக்கும்போது அவர்கள் முகத்தில் நிம்மதி இருக்காது, ஏதோ குற்றம் ருசுவாகிவிட்ட மாதிரி இருக்கும். "உடம்புல ஒண்ணும் இல்லையாம், அப்போ நான்தான் இப்படி" என்பார்கள். எனக்கு அந்த வாக்கியம் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

உங்கள் ரிப்போர்ட் சரிதான். உங்கள் அவஸ்தையும் நிஜம்தான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மற்றப் பெண்களுக்கு இருக்கிற அளவில்தான் உங்களுக்கும் ஹார்மோன் இருக்கிறது. அது ஏறி இறங்குவதை உங்கள் மூளை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எடுத்த டெஸ்ட் முதல் விஷயத்தை மட்டும்தான் அளக்கும். இரண்டாவதை அளக்க இன்று எந்த லேபிலும் டெஸ்ட் கிடையாது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் உங்களுக்கே தெளிவாகும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ இருவரின் குழு 1998இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பீரியட்ஸுக்கு முன்னால் மனம் கடுமையாகக் கலங்குகிற பெண்கள் ஒரு பக்கம், அப்படி எதுவும் இல்லாத பெண்கள் இன்னொரு பக்கம். எல்லாருக்கும் லூப்ரோலைடு என்ற ஊசி போட்டார்கள். அது சினைப்பையைத் தற்காலிகமாக உறங்க வைத்துவிடும். அங்கே சுரக்கிற பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் அடியோடு குறைந்துவிடும். கலங்குகிற பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அவஸ்தை நன்றாகக் குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு அடுத்ததாக இந்த இரண்டு ஹார்மோன்களையும் ஒவ்வொன்றாக, எது என்று சொல்லாமல், சாதாரண மாதச் சுழற்சியில் இருக்கும் அளவுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அழுகையும் எரிச்சலும் திரும்பி வந்தன. மற்றப் பெண்களுக்கும் அதே ஹார்மோனை அதே அளவில் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருத்திக்கு ஒன்றும் இல்லை, இன்னொருத்திக்கு உலகமே இருண்டுபோகிறது. மனசைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த ஒரு ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டாலே போதும் என்று நினைப்பேன்.

அதே ஷ்மிட் 2017இல் இன்னொரு படி மேலே போனார். ஹார்மோனைத் திரும்பக் கொடுத்து, மாதக்கணக்கில் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே அளவில் வைத்துப் பார்த்தார். முதல் மாதம், அதாவது தாழ்ந்த அளவிலிருந்து மேலே ஏறுகிற மாதம், அவஸ்தை வந்தது. அதன்பின் அளவு நிலையாக நின்றதும் அடங்கிவிட்டது. ஆகவே ஹார்மோன் அதிகமாக இருப்பதோ குறைவாக இருப்பதோ அல்ல, அது மாறுவதுதான் இந்த மூளைகளை உலுக்குகிறது. உங்கள் பிரசவத்துக்கும் அம்மாவின் இந்த வயதுக்கும் வரும்போது இதை மறுபடி சொல்வேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மாறினால் மூளைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொழுப்பில் கரைபவை. ரத்தத்தில் இருக்கும் பெரும்பாலான பொருள்களை மூளை தன் வாசலிலேயே நிறுத்திவிடும். இவை இரண்டும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். பயத்தைக் கிளப்புகிற பகுதி, நினைவைச் சேமிக்கிற பகுதி, கோபத்தை அடக்கி யோசிக்க வைக்கிற நெற்றிப் பகுதி என்று எல்லா இடத்திலும் இவற்றைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்பப்பை வேலையைப் பார்க்க வந்த ஹார்மோன் வழி தவறி மூளைக்குப் போய்விடவில்லை. மூளையும் அது வேலை செய்ய வேண்டிய இடம்தான்.

இதில் புரோஜெஸ்டிரோன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1941இல் ஹான்ஸ் செல்யே எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டபோது அவை மயங்கித் தூங்கிவிட்டன. கர்ப்பத்துக்கான ஹார்மோன் ஏன் மயக்க மருந்து மாதிரி வேலை செய்கிறது என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1986இல்தான் வழி தெரிந்தது. புரோஜெஸ்டிரோன் உடலில் சிதைந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. வாய்க்குள் நுழையாத பெயர், ஆனால் இந்தக் கதையின் நாயகி அவள்தான். மூளையில் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. நரம்பணுக்களின் துடிப்பைத் தணிக்கிற பிரேக் அது. காபா வந்து உட்காரும் அதே ஏற்பியில், சற்றுத் தள்ளி அலோபிரெக்னனலோனும் உட்கார்ந்து, பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. தூக்க மாத்திரையான டயசிபாமும், சாராயமும் வேலை செய்வது இந்த ஏற்பியில்தான்.

மாதச் சுழற்சியின் நடுவில் கருமுட்டை வெளியே வருகிறது. அதற்குப் பிறகு சுமார் இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் ஏறி, உச்சம் தொட்டு, கரு தங்கவில்லை என்றால் சரசரவென்று இறங்கும். அலோபிரெக்னனலோனும் கூடவே ஏறி இறங்கும். பெரும்பாலான பெண்களின் காபா ஏற்பிகள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தங்கள் அமைப்பையே கொஞ்சம் மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுகின்றன. சிலருக்கு அந்தச் சமாளிப்பு சரியாக நடப்பதில்லை. அவர்களுக்கு அமைதிப்படுத்த வேண்டிய பொருளே பதற்றத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பிவிடுகிறது. இது விசித்திரமாகத் தோன்றினால், குடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குடித்தால் தூங்கிவிடுவார். இன்னொருவர் அதே அளவைக் குடித்துவிட்டுத் தெருவில் சண்டைக்கு நிற்பார். ஏற்பி ஒன்றுதான், எதிர்வினை வேறு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் அலோபிரெக்னனலோனாக மாறுவதை டியூட்டாஸ்டெரைடு என்ற மருந்தால் தடுத்தபோது, இப்படிக் கலங்குகிற பெண்களுக்கு எரிச்சலும் துக்கமும் குறைந்தன.

ஈஸ்ட்ரோஜன் வேறு வழியில் வேலை செய்கிறது. மனநிலையைத் தாங்கிப் பிடிக்கிற செரடோனினைத் தயாரிக்கும் நொதியை அது தூண்டுகிறது. செரடோனினைச் சிதைக்கும் நொதியை அடக்கி வைக்கிறது. ஆக, ஈஸ்ட்ரோஜன் நன்றாக இருக்கிற நாட்களில் செரடோனினுக்கு வரவு அதிகம், செலவு குறைவு. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று விழும்போது இரண்டும் தலைகீழாகின்றன. ஆசையையும் உற்சாகத்தையும் தருகிற டோப்பமினையும் அது தொடுகிறது. நரம்பணுக்களின் கிளைகளில் இருக்கும் நுண்ணிய முட்களைக்கூட அது பெருக்கும். எலிகளின் நாலைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே அந்த முட்கள் கூடிக் குறைவதை 1990இல் நியூயார்க்கில் புரூஸ் மக்கெவன் ஆய்வகத்தில் எண்ணிக் காட்டினார்கள். மூளை ஒருமுறை செய்து வைத்த பொம்மை இல்லை என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்போது நான் மாணவி.

இனி உங்கள் விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பி.எம்.டி.டி. (பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்போரிக் டிஸார்டர்), அதாவது பீரியட்ஸுக்கு முன்னால் மனம் கடுமையாகக் கலங்குகிற நிலையாக இருக்கலாம். பீரியட்ஸுக்கு முன்னால் கொஞ்சம் வயிறு உப்புவது, மார்பு கனப்பது, மனசு சிணுங்குவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. பி.எம்.டி.டி. அந்த ரகம் கிடையாது. வேலையையும் உறவுகளையும் உடைக்கிற அளவுக்கு வருவது அது. நூறு பெண்களில் சுமார் மூன்று முதல் எட்டுப் பேருக்கு வருகிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. அது வரை பின்னிணைப்பில் கிடந்தது.

"இருக்கலாம்" என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் ஒரே ஒரு முறை பார்த்தும் முடியாது. இதற்கு இருக்கிற ஒரே நம்பகமான பரிசோதனை ஒரு நோட்டுப் புத்தகம். குறைந்தது இரண்டு மாதச் சுழற்சிக்கு, தினமும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிஷம். துக்கம், எரிச்சல், பதற்றம், தூக்கம், பசி, வேலையில் கவனம், வீட்டில் சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது, அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஏனென்றால் நினைவு நம்மை ஏமாற்றும். மாதம் முழுக்க மனம் தாழ்ந்திருந்து பீரியட்ஸுக்கு முன்னால் மட்டும் அது இன்னும் மோசமாகிறவர்கள் நிறைய. அவர்களுக்கும் "அந்தப் பத்து நாள்தான் பிரச்சினை" என்று தோன்றும். அப்படி என்றால் அடியில் வேறு மனச்சோர்வு இருக்கிறது, வைத்தியமும் வேறு. பி.எம்.டி.டி.யில் பீரியட்ஸ் முடிந்த பிறகு வரும் வாரம் சுத்தமாக இருக்கும்.

கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வும் எரிச்சலும் அதிலும் வரும், சரிசெய்வதும் சுலபம்.

வைத்தியம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. செரடோனினைக் கூட்டுகிற மாத்திரைகள், உதாரணமாக ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், சாதாரண மனச்சோர்வில் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பி.எம்.டி.டி.யில் சில நாட்களிலேயே வேலை செய்கின்றன. அதனால் சிலருக்குக் கருமுட்டை வெளிவந்த நாள் முதல் பீரியட்ஸ் வரும் வரை, அந்த இரண்டு வாரம் மட்டும் கொடுத்தாலே போதும். இந்த வேகத்துக்கு என்ன காரணம்? ஃபுளுவாக்செட்டின் கொடுத்த எலிகளின் மூளையில் அலோபிரெக்னனலோன் சீக்கிரமே கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். செரடோனின் மாத்திரை காபா வழியாகவும் உதவுகிறது என்பதற்கு அது ஒரு தடயம். எனக்கு இது நம்பத்தக்க விளக்கமாகவே படுகிறது.

ஆனால் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கிப் போடாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் நோய், அதாவது மனம் அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய் இருந்தால், இந்த மாத்திரை தனியாகப் போகும்போது மனசை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடலாம். டிராஸ்பிரினோன் கலந்த கருத்தடை மாத்திரைக்கும் 2006இல் அமெரிக்காவில் இதற்காக அனுமதி கொடுத்தார்கள். சிலருக்கு நல்ல பலன் தருகிறது, சிலருக்கு மனநிலையை இன்னும் கெடுக்கிறது. ரத்தக்கட்டு அபாயமோ, கண்ணில் மின்னல் அடித்து வருகிற ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அது கூடவே கூடாது. சினைப்பையை உறங்க வைக்கிற ஊசி கடைசி ஆயுதம், எலும்பு தேயும் என்பதால் சுலபத்தில் தொடுவதில்லை. பேச்சு வழிச் சிகிச்சையும் உதவும், முக்கியமாக அந்தப் பத்து நாளை எப்படித் திட்டமிடுவது என்று கற்றுக்கொள்ள. பெரிய முடிவுகளை, வேலையை விடுவது, அண்ணியோடு பேச்சை நிறுத்துவது போன்றதை, அந்தப் பத்து நாளில் எடுக்காமல் இருப்பதே பாதி நிம்மதி.

இப்போது பிரசவத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதைக் கடக்க முடியவில்லை.

நம் ஊரில் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். பத்தியம் போடுகிறோம், காதில் பஞ்சு வைக்கிறோம், காற்றுப் படாமல் பார்க்கிறோம். அந்தச் சொல்லில் இருக்கிற அக்கறை எனக்குப் பெரிது. அவள் மூளையும் அதே அளவுக்குப் பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் வழக்கமான அளவைவிட நூறு மடங்குவரை ஏறுகிறது. அதைச் சுரந்துகொண்டிருப்பது நஞ்சுக்கொடி. நஞ்சுக்கொடி வெளியே வந்த மூன்று, நாலு நாளில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் தரைக்கு வந்துவிடும். மாதாமாதம் நடக்கிற இறக்கம் ஒரு படிக்கட்டு என்றால் இது மொட்டை மாடியிலிருந்து விழுவது.

கனடாவின் டொரான்டோவில் 2010இல் பிரசவமான நான்கு முதல் ஆறு நாளில் தாய்மார்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். செரடோனின், டோப்பமின் இரண்டையும் சிதைக்கிற எம்.ஏ.ஓ.-ஏ என்ற நொதி மற்றப் பெண்களைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. ஐந்தாம் நாள் வாக்கில் பெற்றவள் காரணமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுவது எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்போம். அந்தப் பொழுதும் இந்த நொதியின் உச்சமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்த அழுகை பத்து நாள், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேல் நீண்டால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் நீண்டிருக்கிறது.

2000இல் ரூபினோ, ஷ்மிட் இவர்களின் அதே குழு 16 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தது. எட்டுப் பேருக்கு முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது, எட்டுப் பேருக்கு வரவில்லை. யாரும் அப்போது கர்ப்பமாக இல்லை. ஹார்மோனை மட்டும் கர்ப்ப காலத்தைப் போல எட்டு வாரம் ஏற்றி, சட்டென்று நிறுத்தினார்கள். குழந்தை இல்லை, ராத்திரிக் கண்விழிப்பு இல்லை, பால் கட்டல் இல்லை, நாத்தனார் பேச்சு இல்லை. ஆனாலும் முன்பு பாதிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனம் கலங்கியது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த இரண்டு மாதம் நீங்கள் கெட்ட தாயாக இருந்தீர்களோ என்ற சந்தேகம் உங்கள் மனதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. பணக்கஷ்டம், அடி உதை, ஆண் பிள்ளை இல்லையே என்ற குத்தல், உதவிக்கு ஆளில்லாமை எல்லாம் அதில் காரணமாகப் பதிவாகியிருக்கின்றன. ஹார்மோன் தரையை ஈரமாக்குகிறது. வழுக்கி விழுவதும் விழாமல் இருப்பதும் பிடித்துக்கொள்ளக் கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தாய்வீடு ஊரில், பிள்ளை பெற்றது இங்கே, அம்மா இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டார் என்ற நிலையை பெங்களூரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அலோபிரெக்னனலோன் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையே மருந்தாக்கி 2019இல் பிரெக்ஸனலோன் என்ற பெயரில் அமெரிக்கா அனுமதித்தது. அறுபது மணி நேரம் தொடர்ந்து நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது, விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது; 2024 முடிவோடு அதன் விற்பனை நின்றுவிட்டது. 2023இல் சுரனலோன் என்ற மாத்திரை வந்தது, பதினான்கு நாள் சாப்பிட வேண்டும். இந்த மருந்துகள் நம் வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் தூரம். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய துக்கத்தை அதன் ரசாயன வேரிலேயே தொட முடியும் என்று அவை காட்டிவிட்டன.

அடுத்த குழந்தை யோசனை இருந்தால், கர்ப்பமாகும் முன்பே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். முன்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். தெரிந்து தயாராக இருந்தால் அதன் பாதி பலம் போய்விடும். இந்த மனச்சோர்வைக் கண்டறியப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இலிருந்து இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பெற்ற ஆறாவது வாரத்தில் அதை நிரப்பிப் பார்க்க ஐந்து நிமிஷம்தான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் பெற்றவள் தூக்கமே இல்லாமல் அலைந்து, சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட ஆரம்பித்தால், அது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற தீவிர மனநோய். ஊரில் ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் அது. சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறுகிற வார்டு 2009இல் தொடங்கியது. இந்தியாவில் அப்படி முதலில் வந்தது அதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது.

அம்மாவுக்கு வருவோம். 48 வயது. நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 வாக்கில். நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் மெல்ல இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆடி ஆடித்தான் இறங்கும். ஒரு மாதம் வழக்கத்தைவிட அதிகமாகக்கூட ஏறும். மேலே சொன்ன அதே கதை, மாற்றம்தான் உலுக்குகிறது. இந்த வருஷங்களில்தான் மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுகிறது. பீரியட்ஸ் நின்று சில வருஷம் ஆனபிறகு ஹார்மோன் தாழ்வாகவே இருந்தாலும், பலருக்கு மனம் திரும்ப நிலைப்படுகிறது. ராத்திரி உடம்பு தகித்து, வியர்த்து விழித்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரு கடிவாளம். அது தளரும்போது இப்படி ஆகும். தூக்கம் கெட்டால் மனம் கெடும், அது தனிக் கணக்கு.

தோலில் ஒட்டுகிற ஈஸ்ட்ரோஜன் பட்டையோடு புரோஜெஸ்டிரோனும் கொடுத்து ஒரு வருஷம் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதத்துக்கும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 32 சதவீதத்துக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் வந்தன. எல்லாருக்கும் கொடுக்கிற மருந்து இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, ஈரல் நோய் எல்லாம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அம்மா முதலில் தைராய்டும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். அந்த வயதில் படபடப்பு என்றால் இதயத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். "வயசானா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அந்த மருத்துவரை மாற்றுங்கள்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். ஓரளவு உண்டு. 2017இல் பி.எம்.டி.டி. உள்ள பெண்களின் ரத்த அணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, பாலியல் ஹார்மோனுக்கு மற்ற மரபணுக்கள் எப்படி எதிர்வினை காட்ட வேண்டும் என்று ஒழுங்குபடுத்துகிற ஒரு மரபணுக் கூட்டம் அவர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்வது தெரிந்தது. மனசே இல்லாத, கண்ணாடித் தட்டில் வளர்ந்த அணுக்கள் அவை. கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அவருக்கும் ஒரு வார்த்தை. ஆண் மூளைக்குள்ளும் இதே கதை நடக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. ஆண்களுக்கு அது நாற்பதுக்கு மேல் வருஷத்துக்கு ஒரு சதவீதம் வாக்கில் மெதுவாகக் குறைகிறது, அதனால் உலுக்கல் தெரிவதில்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய்க்காக அதே லூப்ரோலைடு ஊசி போட்டு ஹார்மோனைச் சட்டென்று நிறுத்தும்போது, உடம்பு தகிப்பதும் மனம் சோர்வதும் ஆண்களுக்கும் வருகிறது.

நோட்டை இன்று ராத்திரியே தொடங்குங்கள்; அடுத்த பீரியட்ஸின் முதல் நாளை 1 என்று எண்ணிக்கொண்டு போகலாம். டாக்டரிடம் நாள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான பெண்கள் கலங்கிய வாரத்தில் போன் செய்து, நாள் கிடைப்பதற்குள் தெளிந்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, "இப்போ நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். நீங்கள் அந்த மோசமான வாரத்திலேயே விழுகிற மாதிரி தேதி வாங்குங்கள். அழுகை வந்தால் வரட்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டு அவர் கையில் இருக்கட்டும்.